இனி கணக்கு எழுதப்போவது நீங்கள்

கேள்வி: நான் பாடகி. பாடல்களை நானே எழுதி மெட்டும் அமைக்கிறேன். ஏழு வருடமாக ஒரு இசைக் கம்பெனியில் ஒப்பந்தக் கலைஞராக இருக்கிறேன். மூன்று ஆல்பங்கள் வந்திருக்கின்றன. இன்னும் நான்கு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. சொந்தமாக ஒரு லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், தொடங்க ஆசை. ஆனால் கடைசியாக வந்த ஸ்டேட்மென்ட்டிலும் நான்தான் கம்பெனிக்குப் பாக்கி என்று இருக்கிறது. இந்த நிலையில் விலக முடியுமா? பழைய பாடல்களை எடுத்துப்போக முடியுமா? முதலில் என்ன செய்ய வேண்டும்? என்னோடு பல வருடமாக வாசிக்கும் கிட்டார் கலைஞரும் தன் ஆல்பத்தை என் லேபிளிலேயே போடலாம் என்கிறார். நண்பரிடம் எப்படி ஒப்பந்தம் பேசுவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு ஸ்டேட்மென்ட்டின் நகலையும் வைத்திருந்தீர்கள். முதலில் அதைத்தான் எடுத்துப் படித்தேன். பதினோரு பக்கம். பத்துப் பக்கம் வரை பாட்டின் பெயர், நாடு, தளம், எத்தனை முறை ஒலித்தது, எவ்வளவு வந்தது என்று பொடி எழுத்தில் ஓடுகிறது. கடைசிப் பக்கத்தின் அடியில் மூன்றே வரி: முந்தைய இருப்பு, இந்த அரையாண்டு வரவு, இறுதி இருப்பு. அந்த இறுதி இருப்புக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி. உங்கள் பயம் அங்கிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன். அதனால் அதையே முதலில் பேசிவிடுவோம்.

ராயல்டி, அதாவது பாட்டின் வரவில் கலைஞருக்குச் சேரும் பங்கு; அந்தக் கணக்குதான் என் தொழில். பல வருடம் கம்பெனிகளின் பக்கம் உட்கார்ந்து இதே மாதிரி ஸ்டேட்மென்ட்டுகளைத் தயார் செய்தேன். இப்போது கலைஞர்களின் பக்கம் உட்கார்ந்து அவற்றைப் படித்துச் சொல்கிறேன். மைனஸ் குறியைப் பார்த்துத் தன் பாட்டு ஓடவேயில்லை என்று நம்பிவிட்டவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. ஒரு ஆல்பத்துக்கு ஆன பதிவுச் செலவும் உங்களுக்குக் கொடுத்த அட்வான்ஸும் சேர்ந்து 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ராயல்டி 20 சதவீதம். ஆல்பம் 100 சம்பாதித்த அன்றே கம்பெனி போட்ட பணம் திரும்பிவிட்டது. ஆனால் உங்கள் பாக்கி கழிவது மொத்த வரவிலிருந்து அல்ல, உங்கள் 20 சதவீதத்திலிருந்து. ஆக உங்கள் பேரில் கழிந்தது 20 மட்டும்; இன்னும் 80 பாக்கி. ஆல்பம் 500 சம்பாதித்த பிறகுதான் உங்கள் கணக்கு பூஜ்யத்தைத் தொடும். அன்றைக்குக் கம்பெனியின் கையில் முதல் போக 400 இருக்கும். உங்கள் கையில் முதலில் வாங்கிய அட்வான்ஸ் மட்டும்தான். ஒலிப்பதிவின் உரிமையும் அவர்களிடமே.

இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். பணம் போட்டது அவர்கள். விளம்பரச் செலவும் ஆபீஸ் செலவும் அந்த 400க்குள்தான் வர வேண்டும். ஓடாமல் போன மற்றவர்களின் ஆல்பங்களையும் அவர்களே சுமக்கிறார்கள். ஆனால் உங்கள் பாட்டு சம்பாதிக்கிறதா இல்லையா என்பதை அந்த மைனஸ் குறி சொல்லாது. ஸ்டேட்மென்ட்டின் மொத்த வரவுப் பத்தியைக் கூட்டிப் பார்த்தேன். முதல் ஆல்பம் தன் செலவை எப்போதோ எடுத்துவிட்டது. இரண்டாவது ஆல்பத்தின் வீடியோச் செலவு முதல் ஆல்பத்தின் ராயல்டியைச் சாப்பிடுகிறது. மூன்று ஆல்பத்துக்கும் ஒரே கணக்கு என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கும், பாருங்கள். அதன் வேலை இது.

அப்புறம், இந்தப் பாக்கி வீட்டுக் கடன் மாதிரி அல்ல. வழக்கமான ஒப்பந்தங்களில் அட்வான்ஸ் ராயல்டியிலிருந்து மட்டுமே கழியும். நீங்கள் விலகுகிறீர்கள் என்பதற்காகக் கையிலிருந்து கட்டச் சொல்ல முடியாது. பழைய மூன்று ஆல்பங்களின் வரவு அந்தக் கணக்கில் தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கும். என்றாவது பூஜ்யத்தைத் தாண்டினால் உங்களுக்குப் பணம் வரத் தொடங்கும். விலகிய பிறகும் ஸ்டேட்மென்ட் வர வேண்டும். முகவரி மாறினால் எழுத்தில் தெரிவியுங்கள், இதை நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். கணக்கில் தவறு இருப்பதாகத் தோன்றினால் ஆட்சேபிக்க ஒரு கெடு உண்டு. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அந்தக் கெடு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

நான்கு மாதத்தில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிச்சயம்தானா? இசை ஒப்பந்தங்கள் பல நேரம் காலண்டர் தேதியில் முடிவதில்லை. "இத்தனையாவது ஆல்பத்தைக் கலைஞர் ஒப்படைத்து, கம்பெனி அதை ஏற்று, வெளியிட்ட நாளிலிருந்து இத்தனை மாதம்" என்று முடியும். அதற்குள் அடுத்த ஆல்பத்தைக் கேட்கும் உரிமையும் கம்பெனிக்கே இருக்கும். கேட்பதா விடுவதா என்பது அவர்கள் முடிவு, உங்கள் முடிவு அல்ல. மூன்றாவது ஆல்பத்தை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் எழுத்தில் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா? மின்னஞ்சலாக இருந்தாலும் போதும், தேடி எடுத்து வையுங்கள். அது கிடைக்கும் வரை புது லேபிளின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம்.

இனி பழைய பாடல்கள். உங்கள் முதல் ஆல்பத்தின் சிடி உறையைத் திருப்பி, அடியில் இருக்கும் மிகச் சிறிய எழுத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்து ஒன்று, வட்டத்துக்குள் 'சி' எழுத்து ஒன்று, பக்கத்தில் வருடமும் கம்பெனியின் பெயரும் இருக்கும். 'பி' என்பது ஒலிப்பதிவுக்கான உரிமை. ஸ்டுடியோவில் அன்று நீங்கள் பாடிய அந்தக் குரல், அந்த வாசிப்பு, அந்த மிக்ஸ். இதைத்தான் மாஸ்டர் என்கிறோம். 'சி' அந்த உறையின் படத்துக்கும் எழுத்துக்குமானது. நீங்கள் எழுதிய வரியும் போட்ட மெட்டும் இந்த இரண்டிலும் சேராத தனிச் சொத்து. ஸ்டுடியோவுக்குள் கால் வைக்கும் முன்பே அது பிறந்துவிட்டது. அந்த உரிமையை வேறொரு காகிதத்தில், பப்ளிஷிங் என்ற பெயரில், யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்பதே உங்கள் ஏழு வருடத்தின் பெரிய கேள்வி. எழுதிக் கொடுக்கவில்லை என்றால், உங்கள் கையில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது.

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் செய்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் தன் முதல் கம்பெனியை விட்டு 2018இல் விலகினார். 2019இல் அந்தக் கம்பெனியே விற்கப்பட்டது. அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்களும் அதோடு போயின. 2021 முதல் அவற்றில் நான்கை முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். பழைய மாஸ்டர்களையே 2025 மே மாதம் விலைக்கு வாங்கினார். அவ்வளவு பெரிய ரசிகர் கூட்டம் நமக்கு இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நான் காட்ட வருவது கூட்டத்தை அல்ல. அவர் அந்தப் பாடல்களை எழுதியவராகவும் இருந்தது மறுபடி பாடக் கைகொடுத்தது. நீங்களும் உங்கள் பாடல்களை எழுதியவர்.

ஆனால் மறுபதிவுக்குத் தடைக்காலம் உண்டு. ஆல்பத்தை ஒப்படைத்ததிலிருந்து ஐந்து வருடம், அல்லது ஒப்பந்தம் முடிந்ததிலிருந்து இரண்டு வருடம், இவற்றில் எது பிந்தியதோ அது என்பது பழைய வழக்கம். இப்போது கம்பெனிகள் அதைவிட நீட்டிக் கேட்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எண் என்று பாருங்கள். பழைய வழக்கமே என்றால் முதல் ஆல்பத்தின் பாடல்களை, ஒப்பந்தம் முடிந்த இரண்டாவது வருடத்தின் முடிவில், உங்கள் லேபிளில் புதிதாகப் பாடலாம். எல்லாவற்றையும் பாடத் தேவையில்லை. மேடையில் நீங்கள் தொடங்கும் முன்பே கூட்டம் பாடத் தொடங்கிவிடும் பாட்டு நான்கோ ஐந்தோ இருக்கும். அவை போதும். ஏழு வருடத்தில் உங்கள் குரலும் மாறியிருக்கும். அதை மறைக்க முயலாதீர்கள் என்பது என் தனிப்பட்ட ஆசை.

மாஸ்டர்களையே திரும்ப வாங்குவது இன்னொரு வழி. இதற்குப் பொறுமை வேண்டும். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் தன் கம்பெனியோடு மோதி 1993இல் பெயரையே விட்டு ஒரு குறியீட்டைப் பெயராக வைத்துக்கொண்டார். 1996இல் வெளியே வந்ததும் தன்னுடைய என்பிஜி ரெக்கார்ட்ஸ் வழியாக மூன்று டிஸ்க் கொண்ட ஆல்பத்தைப் போட்டார். புதிய பாட்டுகளுக்கு அன்றைக்கே அவர் சொந்தக்காரர். பழைய மாஸ்டர்களின் உரிமை அவரிடம் வர 2014 ஆனது. இதற்கு நேர்மாறாக இன்னொரு அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ், 1959இன் இறுதியில் ஏபிசி பாரமவுண்ட் என்ற கம்பெனிக்கு மாறும்போதே, மாஸ்டர்கள் பின்னாளில் தனக்கே சேர வேண்டும் என்று எழுதி வாங்கினார். 1962இல் சொந்த லேபிளும் தொடங்கினார். கம்பெனிக்கு நாம் தேவைப்படும் நேரத்தில் கேட்டால்தான் கிடைக்கும் என்பது இந்தத் தொழிலில் நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. உங்களைப் புதுப்பிக்கச் சொல்கிறார்களே, அந்த நேரம் உங்களுக்கு இப்போது வந்திருக்கிறது. மனம் வரவில்லை என்று கதவை மூடுவதற்கு முன் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அடுத்த ஆல்பத்தின் மாஸ்டர் என்னுடையது, ஐந்து வருடத்துக்கு மட்டும் உங்களுக்கு லைசென்ஸ் தருகிறேன், அதற்கு ஈடாக முதல் ஆல்பத்தின் மாஸ்டரை எனக்கு எழுதிக் கொடுங்கள் என்று. ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கேட்டதால் நீங்கள் இழப்பது எதுவும் இல்லை.

எது எப்படிப் போனாலும், பழைய பதிவுகளின் மூலக் கோப்புகளை இந்த நான்கு மாதத்துக்குள் நகல் எடுக்க அனுமதி கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பாடகர், பன்னிரண்டு வருடம் கழித்துத் தன் ஆல்பத்தின் உரிமையைத் திரும்பப் பெற்றார். கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. பெட்டியில் வைத்து ஹார்ட் டிஸ்க்கை அனுப்பியது. அவர் அதை என் மேஜையிலேயே பிரித்தார். டிஸ்க்கின் மேல் மார்க்கரில் ஆல்பத்தின் பெயரும் வருடமும், அவர் கையெழுத்திலேயே. கணினியில் செருகினோம். இரண்டு முறை டிக் டிக் என்ற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. தனித்தனி டிராக்குகள் எல்லாம் போய்விட்டன. கடைசியில் ஒரு ரசிகர் வைத்திருந்த சிடியிலிருந்து பாட்டை எடுத்து மறுவெளியீடு செய்தார். பாட்டு வந்துவிட்டது. ஆனால் குரலைத் தனியாகப் பிரித்துப் புது மிக்ஸ் செய்ய இனி வழியில்லை. அன்று அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், இரண்டு நகல், இரண்டு வேறு இடங்களில்.

அதே கையோடு இன்னும் சிலவற்றைப் பாருங்கள். உங்கள் பெயரில் ஓடும் யூடியூப் சேனலின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? இணையதள முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? மேடைப் பெயரை வணிகச் சின்னமாக யாராவது பதிந்திருக்கிறார்களா? கச்சேரி வருமானத்தில் கம்பெனிக்குப் பங்கு உண்டென்றால் அது ஒப்பந்தத்தோடு முடிகிறதா, பின்னாலும் தொடர்கிறதா? விலகிய பிறகு இவற்றைக் கேட்டால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.

சரி, லேபிள். தொடங்குவது என்றதும் பெயர், லோகோ, ஆபீஸ் என்று மனம் ஓடும். அது இயல்புதான். ஆனால் லேபிள் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், மாஸ்டர்களின் உரிமைக் காகிதங்கள் ஒரு கோப்பில், யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு இன்னொரு கோப்பில். மீதி எல்லாவற்றையும் வெளியில் கூலிக்கு வாங்கிவிடலாம். இதுவரை நீங்கள் ஸ்டேட்மென்ட் வாங்கியவர். இனி அதை எழுதுபவர். உங்கள் வாழ்க்கையில் மாறப்போவது இதுதான், இது சின்ன மாற்றமில்லை.

ஜான் பிரைன் என்ற அமெரிக்கப் பாடகர் உங்கள் இடத்தில் நின்றவர். இரண்டு பெரிய கம்பெனிகளில் ஆல்பங்கள் போட்டுவிட்டு, 1981இல் தன் மேனேஜரோடு சேர்ந்து ஓ பாய் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். அடுத்த ஆல்பம் பதிவாகும் முன்பே ரசிகர்கள் தபாலில் பணம் அனுப்பினார்கள். அதன் செலவை அந்தப் பணமே பார்த்துக்கொண்டது. 1984இல் ஆல்பம் வந்தது. 1991இல் அதே சின்ன லேபிளில் வந்த ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது. இணையம் கைக்கு வராத காலம் அது. அவரிடம் இருந்தது ஒரு முகவரிப் பட்டியல். உங்களிடம் அப்படி ஒன்று இருக்கிறதா? சமூக வலைத்தளத்தில் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. நாளைக்கு அந்தத் தளமே மூடினாலும் நீங்கள் நேராக எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர்? இல்லையென்றால் அடுத்த கச்சேரியிலிருந்தே மின்னஞ்சல் முகவரிகளைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தக் காலத்தில் இதைச் செய்யப் பொதுவாக யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுபோகும் விநியோகஸ்தர்களில் இரண்டு வகை உண்டு. வருடக் கட்டணம் வாங்கிக்கொண்டு வருமானம் முழுவதையும் உங்களுக்கே தருகிறவர்கள் ஒரு வகை. கட்டணம் இல்லாமல் சதவீதம் எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையில் சிலர், கட்டணம் கட்டாத வருடம் பாட்டையே தளத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். எந்த வகையானாலும் எத்தனை நாள் முன்னறிவிப்பில் வெளியேறலாம் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு கம்பெனியிலிருந்து விடுபட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. இங்கிலாந்தின் ரேடியோஹெட் இசைக்குழு 2007 அக்டோபரில் கம்பெனி இல்லாமல், விரும்பிய விலையைக் கொடுங்கள் என்று தங்கள் தளத்திலேயே ஆல்பத்தை வெளியிட்டதை எல்லோரும் பேசுகிறார்கள். அதன் சிடியைக் கடைகளுக்குக் கொண்டுபோக வேறு லேபிள்களுக்கு அவர்கள் லைசென்ஸ் கொடுத்ததை யாரும் பேசுவதில்லை. உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை மட்டும் பிறருக்குக் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளம் வேண்டும். பாட்டின் ஆதார் எண் என்று சொல்லலாம் போலிருக்கிறது. பதிவு எந்த விநியோகஸ்தரிடம் போனாலும் எண் மாறக் கூடாது. விநியோகஸ்தரை மாற்றும்போது அதே எண்ணையும் அதே ஒலிக்கோப்பையும் கொடுத்தால் இதுவரை கேட்டவர்களின் எண்ணிக்கை பொதுவாகக் கூடவே வரும். மறுபதிவுக்கோ ரீமிக்ஸுக்கோ புது எண். பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மாறினால் தளம் உங்களை இன்னொரு பாடகியாக நினைத்துத் தனிப் பக்கம் திறந்துவிடும்.

புதிய லேபிள் முதலாளிகள் பெரும்பாலும் தவறவிடும் வருமானம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஒலிப்பதிவு வானொலியிலும் இணைய வானொலியிலும் பொது இடங்களிலும் ஒலிக்கும்போது பல நாடுகளில் அதற்குத் தனியாகப் பணம் வசூலாகிறது. அதில் ஒரு பகுதி பாடியவருக்கு, ஒரு பகுதி மாஸ்டரின் சொந்தக்காரருக்கு. அமெரிக்காவின் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பில் 50 சதவீதம் சொந்தக்காரருக்கும், 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கும், 5 சதவீதம் கூட வாசித்தவர்களின் நிதிக்கும் போகிறது. இத்தனை நாள் முதல் 50 கம்பெனிக்குப் போனது. இனி உங்கள் லேபிளில் வரும் பதிவுகளுக்கு அது உங்களுடையது, ஆனால் தானாக வராது. பாடகியாக ஏற்கெனவே பதிந்திருந்தாலும் சொந்தக்காரராகவும் தனியாகப் பதிய வேண்டும். பாடலாசிரியராக உங்களுக்கு வருவது இவற்றுக்கு வெளியே, வேறு சங்கத்தின் வழியாக. மூன்று தொப்பி, மூன்று பதிவு.

பணம் வரும் வேகத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீமிங் வருமானம் உங்கள் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் முந்தைய 12 மாதத்தில் 1,000 முறைகூட ஒலிக்காத பதிவுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. அதனால் முதல் ஒன்றரை வருடம் லேபிளிலிருந்து ஒன்றும் வராது என்று வைத்துக்கொண்டு, கச்சேரி வருமானத்தில் வீட்டை நடத்த முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் ஆல்பத்துக்குப் பதில் மூன்று பாட்டோடு தொடங்குங்கள். கையில் இருப்பதையெல்லாம் ஸ்டுடியோவில் கொட்டிவிட்டு, பாட்டை நாலு பேர் காதில் போட ஒன்றுமில்லாமல் நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இருப்பதில் பாதியை வெளியீட்டுக்கு என்று எடுத்து வைத்துவிட்டு மீதியில் பதிவு செய்யுங்கள். கடன் வாங்கித் தொடங்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் கிட்டார் நண்பர். இதற்கு முன்பே கவனிக்க வேண்டியவர்கள் உங்கள் பாட்டில் வாசிக்கிறவர்கள். சில வருடம் முன்பு ஒரு சின்ன லேபிளின் பாட்டை ஒரு விளம்பரத்துக்குக் கேட்டார்கள். வந்திருக்கும் தொகை அந்த லேபிளின் இரண்டு வருடச் செலவுக்குக் காணும். வெள்ளிக்கிழமைக்குள் எல்லோருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்றார்கள். எல்லோருடையதும் இருந்தது, இடையிசையில் எட்டு வினாடி வயலின் வாசித்தவருடையதைத் தவிர. ஒரு மாலை ஸ்டுடியோவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர். கைச்செலவுக்குப் பணம் கொடுத்ததோடு சரி, கையெழுத்து வாங்கவில்லை. எண் மாறியிருந்தது. அவர் ஒன்பதாவது நாள் பதில் எழுதினார், அதுவும் சந்தோஷமாகச் சம்மதித்து. விளம்பரம் அதற்குள் வேறொரு பாட்டோடு போய்விட்டது. அரைப் பக்கக் காகிதம் போதும்: எந்தப் பாட்டு, எந்தத் தேதி, என்ன வாசித்தார், எவ்வளவு வாங்கினார், பதிவை எங்கும் பயன்படுத்தச் சம்மதம். பணம் கொடுக்கும்போதே, வாத்தியத்தை அவர் பெட்டியில் வைக்கும் முன்பே, கையெழுத்து வாங்கிவிடுங்கள். மெட்டிலோ வரியிலோ யாராவது பங்களித்திருந்தால் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதையும் அன்றே எழுதுங்கள்.

நண்பரிடம் காகிதம் நீட்டுவது கூச்சமாக இருக்கும். காகிதமே இல்லாமல் நடத்திய லேபிள்களும் உண்டு. வாஷிங்டனில் இயான் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் 1980இல் தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ், குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாமலே லாபத்தைப் பங்கிட்டு இத்தனை வருடம் நடந்திருக்கிறது. மான்செஸ்டரின் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸும் ஏறக்குறைய அப்படித்தான், பாட்டெல்லாம் இசைக்கலைஞர்களுக்கே சொந்தம் என்று நட்பில் நடந்தது. 1992இல் அது கடனில் மூழ்கியபோது வாங்க வந்த கம்பெனி, விற்பதற்கு இவர்களிடம் மாஸ்டர்களே இல்லை என்று தெரிந்து பின்வாங்கியது. இரண்டு இடத்திலும் நட்பு இருந்தது. டிஸ்கார்டில் கணக்கும் ஒழுங்காக இருந்தது. அதனால் காகிதத்தைவிடக் கணக்கை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் உங்கள் இருவருக்கும் இது புதிது. இரண்டும் இருக்கட்டும்.

அவருடைய மாஸ்டரை வாங்காதீர்கள். ஐந்து அல்லது ஏழு வருட லைசென்ஸ் போதும். முடிந்ததும் அவரிடமே திரும்பட்டும். ஒப்புக்கொண்ட செலவு கழிந்த பிறகு மிஞ்சுவதைப் பாதிப் பாதி. அப்படிப் பங்கிட்டால் முதலில் நான் போட்ட உதாரணத்தில் 100 வந்ததுமே செலவு தீர்ந்துவிடும், 101ஆவதிலிருந்து அவருக்கும் பங்கு உண்டு. எது செலவு என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒரு தொகைக்கு மேல் போனால் அவரைக் கேட்காமல் செலவழிப்பதில்லை என்றும் எழுதுங்கள். ஒரு ஆல்பத்தின் கணக்கை அடுத்ததோடு சேர்க்காதீர்கள். உங்களுக்கு அந்தப் பிரிவு என்ன செய்தது என்று இப்போது தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்டேட்மென்ட், பணம் வந்தாலும் வராவிட்டாலும். காகிதத்தைக் கொடுத்த அன்றே கையெழுத்துக் கேட்க வேண்டாம். இரண்டு வாரம் வைத்திருக்கச் சொல்லுங்கள், யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பாதிப் பங்கு ஏன் என்று அவர் கேட்டால் கோபப்படாதீர்கள், நீங்கள் ஏழு வருடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உங்கள் முதல் வெளியீடு முடிந்து ஒரு ஸ்டேட்மென்ட்டாவது நீங்கள் தயாரித்துப் பார்த்த பிறகு அவருடைய ஆல்பத்தை எடுப்பது நல்லது. அவசரம் என்றால் அவர் வேறு இடம் பார்க்கட்டும். கிட்டார் வாசிக்க உங்களோடுதான் வரப்போகிறார்.

கம்பெனிக்கு மறுப்புக் கடிதம் எழுதுவதை இந்த வாரம் தள்ளிப்போடுங்கள். ஒப்பந்தத்தில் காலம், ஒப்படைப்பு, மறுபதிவு, கணக்கு ஆட்சேபம் என்ற நான்கு பிரிவுகள் இருக்கும் பக்கங்களை மட்டும் நகல் எடுத்து அனுப்புங்கள், மூன்றாவது ஆல்பத்தை ஏற்றதாக அவர்கள் எழுதிய மின்னஞ்சலையும் சேர்த்து. தேதிகளைச் சரிபார்த்துச் சொல்கிறேன். அதன் பிறகு கடிதம் எழுதலாம்.